நைனா கடை பலூன் சண்டை

மணவாளன் காரில் வந்து இறங்கியபோது ரேஷன் கார்டு சரிபார்க்க வந்த ஆள் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவுக்குள் பாலீஷ் போட்ட ஷூவோடு ஒருவன் வந்தால் எதையாவது பிடுங்கிக்கொண்டு போகத்தான் வருவான். கேஸ் இருப்பது தெரிந்தால் மண்ணெண்ணெயை வெட்டிவிடுவார்கள். என் சம்சாரம் ஞானம்மாவிடம் சிலிண்டர் மேல் போர்வையைப் போடச் சொல்லிவிட்டு வாசலை மறித்து நின்றேன்.

வந்தவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தான்.

"நைனா, என்னைத் தெரியுதா?"

"தெரில."

"மணவாளன் நைனா! மில்லு குவார்ட்டர்ஸ் மணவாளன். உங்க வீடியோ கேம் கடையே கதின்னு கெடப்பனே."

உற்றுப் பார்த்தேன். சதை போட்டிருந்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அதேதான்.

"தோத்தா ரிமோட்டு வேல செய்யலன்னு அழுவியே, அவனா நீ?"

"அவனேதான்! இப்ப கம்பி மில்லுல ஹெச்.ஆர். ஆபீசர் நைனா."

நீ, வா, போ எல்லாவற்றையும் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். என் மகன் ரகு அதே மில்லில்தான் வேலை செய்கிறான்.

வேலை என்றால் காண்ட்ராக்ட். பர்மனென்ட் ஆளுக்கு நீல ஹெல்மெட், காண்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள் ஹெல்மெட். சூட்டில் நிற்பது மஞ்சள், விசிறிக்கு அடியில் நிற்பது நீலம். வருடத்துக்கு ஒரு முறை மஞ்சள் ஹெல்மெட்காரன் பெயரை ரிஜிஸ்டரிலிருந்து எடுத்துவிட்டு, நாலு நாள் வீட்டில் உட்கார வைத்து, புதிதாக வந்தவன் போல மறுபடி சேர்ப்பார்கள். ஏழு வருடமாக என் மகன் புதிதாக வந்துகொண்டிருந்தான். இந்தத் தடவை எடுக்கிற பெயரைத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள், பீகாரிலிருந்து ஆள் வருகிறது என்று கேன்டீனில் பேச்சு. பெயர் எடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் ஹெச்.ஆர். ஆபீசர் என் வீட்டு வாசலில் வந்து நைனா நைனா என்று குழைகிறான். யாராக இருந்தாலும் சந்தேகப்படுவான்.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லாரியில் கம்பி ஏற்றி இடுப்பு போன பிறகு புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரு தகரப் பெட்டி போட்டேன். பழவேற்காட்டு மொய்னுதீன் பாய் ஒரு வீடியோ கேம் செட்டையும் கேசட்டையும் கொண்டுவந்து, "சிங்கப்பூர் சாமான் நைனா, உள்ள லட்சக்கணக்குல ஆட்டம் இருக்கு" என்றார். செட்டைத் திருப்பினால் அடியில் சீனா எழுத்து. கேசட்டில் இருந்தது ஏழெட்டு ஆட்டம்தான். அதையே பெயரை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான். பிற்பாடு மில்லில் வருடாவருடம் காண்ட்ராக்டர் பெயர் மாறி, அதே ஆள் அதே வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. கேசட் போட்டவன் மூளைதான் அங்கேயும் வேலை செய்கிறது.

பையன்கள் அரை மணி, ஒரு மணி என்று வாடகைக்கு ஆடுவார்கள். எனக்கு ஒரே சட்டம். டைம்பீஸில் நேரம் முடிந்தால் சுவிட்சை அணைப்பேன். ஆட்டம் எந்த இடத்தில் இருந்தாலும் சரி, எவன் காலில் விழுந்தாலும் சரி. ஒருத்தனுக்கு ஒரு நிமிடம் விட்டால் ஊரே நிமிடம் கேட்கும். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரும் தெருவுக்குத் தெரு நெட் சென்டரும் வந்த பிறகு ஒரு பயலும் வரவில்லை. பெட்டியை டீக்கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு செட்டை அரிசிப் பையில் கட்டி பரண்மேல் போட்டேன். அதோடு கதை முடிந்தது என்றிருந்தேன்.

மணவாளன் பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் இடத்துக்கு வந்தான்.

"நைனா, சனிக்கிழம கம்பெனி ஆண்டு விழா. எங்க ஆபீசர்ல பாதி பேர் குவார்ட்டர்ஸ் பசங்க. எல்லாரும் ஒங்க கடை ஞாபகமாவே இருக்கோம். ஹால்ல அப்படியே ஒங்க கடைய போடணும். அதே செட்டு, அதே பலூன் கேம். நீங்க சுவிட்ச் பக்கத்துல ஒக்காந்து அன்னிக்கு மாதிரியே திட்டணும்."

"ஆபீசருங்கள எப்டி சார் திட்றது?"

"அதான் நைனா வேணும்! இப்ப எங்கள யாரும் திட்றதே இல்ல."

உள்ளேயிருந்து ஞானம்மா, "இத்தினி நாளு சும்மா திட்டிக்கினு இருந்த மனுசனுக்கு இப்ப காரு அனுப்பறாங்களா?" என்றாள்.

"இன்னொண்ணு நைனா," என்று குரலைத் தாழ்த்தினான். "ரகுவும் நானும் ஃபைனல். பலூன் கேம்ல நான் அவனை ஒரு தடவகூட ஜெயிச்சது இல்ல. அமெரிக்காவுக்கு ட்ரெய்னிங் போயிருந்தேன். அங்க பனி கொட்டுது, நான் ரூம்ல ஒக்காந்து அந்தத் தோத்த ஆட்டத்தையே நெனச்சினு இருந்தேன்."

அவன் கண்கூடக் கலங்கியது. நடிக்கவில்லை, அது வேறு சங்கடம்.

அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். இரண்டு பேர் முதுகில் பலூன் கட்டிக்கொண்டு பறப்பார்கள். மேலேயிருந்து இறங்கி எதிராளியின் பலூனை உடைக்க வேண்டும். பலூன் போனவன் கீழே தண்ணீரில் விழுவான், மீன் தின்றுவிடும். கடை பெருக்குகிற வேலை ரகுவுடையது. ஆள் இல்லாத நேரமெல்லாம் அவன் ஆட்டம்தான். பெட்டிக்குள் ஜெயித்ததெல்லாம் ரகு, பெட்டிக்கு வெளியே ஜெயித்ததெல்லாம் மணவாளன்.

"ரகு பேர எடுக்கப்போறதா பேச்சு இருக்குதே சார்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "பாக்கலாம் நைனா."

இரண்டு வருடமாக அந்த ஆபீசில் எதைக் கேட்டாலும் இதே பாக்கலாம்தான் வருகிறது. பார்த்ததாகத் தெரியவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்த ரகுவிடம் விஷயத்தைச் சொன்னோம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "நான் ஆடமாட்டேன்" என்றான்.

"ஆடு ராஜா. ஆடிட்டுத் தோத்துடு," என்றாள் ஞானம்மா. "ஆபீசரு மனசு குளிரட்டும். உன் பேர உட்டுவெப்பாரு."

"ஏம்மா, சூட்டுல நின்னு கம்பிய புடிக்கிறேன், அதுக்கு மனசு குளிரல. பலூன்ல தோத்தா குளிர்ந்துடுமா?"

நான் சொன்னேன்: "தோத்தா, அவன் வந்த வேல முடிஞ்சிது. கைகுலுக்கி அனுப்பிச்சிட்டு மறந்துடுவான். ஜெயிச்சா, அத்தினி பேரு முன்னால மானம் போச்சுன்னு கடுப்பாவான்."

"அப்போ இன்னா பண்ணச் சொல்ற நைனா? தோக்கவும் கூடாது, ஜெயிக்கவும் கூடாது. பேஜாரா கீது."

"போய் ஆடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை கார் வந்தது. ஹாலுக்குள் போனால் என் கடை நிற்கிறது. தகரம் அடித்து, துரு மாதிரி பெயின்ட் பூசியிருந்தார்கள். உண்மையான துருவுக்கு நான் எத்தனை வருடம் திட்டு வாங்கினேன்! வாசலில் 'நைனா வீடியோ கேம்ஸ்' என்று ஃப்ளெக்ஸ். என் கடைக்குப் பெயரே கிடையாது. பெயர் வைத்தால் வரி கேட்பான் என்று வைக்கவில்லை.

முதலில் சுவர் அகலத்துக்கு ஒரு தட்டை டிவியில் செட்டை மாட்டினார்கள். பலூன்காரன் செங்கல் செங்கலாகத் தெரிந்தான். மணவாளன் முகம் விழுந்துவிட்டது. "இது அது இல்ல," என்றான். உடனே கேட் செக்யூரிட்டி அறையிலிருந்த பழைய குண்டு டிவியைப் பிடுங்கி வந்தார்கள். ஆபீசர்களுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது, செக்யூரிட்டிக்குக் கிரிக்கெட் போனது.

கேசட்டை நான் செருகப் போனபோது ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். "நான் ஊதறேன் நைனா!" "நான் ஊதறேன்!" அடியில் ஊதினால் ஆட்டம் வரும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. டை கட்டிய ஆட்கள் வரிசையில் நின்று ஊதினார்கள். எச்சில்தான் உள்ளே போனது. நான் வேட்டி நுனியில் துடைத்துச் செருகினேன். படம் வந்ததும் கைதட்டினார்கள்.

உறை போட்ட நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். வடக்கத்திக்காரரான மில் பெரியவர் மட்டும் நாற்காலியில் இருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் ஹெல்மெட்காரர்கள் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

என்னை ப்ளக் போர்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். மடியில் என் டைம்பீஸ். ஒவ்வொருத்தன் நேரம் முடிந்ததும் சுவிட்சை அணைத்து, "டேய், எந்திரி. ஊட்ல சோறு இல்லியா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன், "நைனா, எங்கப்பன இழுத்து ஒண்ணு சொல்லுங்க" என்று வந்து நின்றான். அவன் அப்பன் நல்ல மனிதன். இருந்தாலும் சொன்னேன்.

கடைசியில் மணவாளனும் ரகுவும் உட்கார்ந்தார்கள். ரகு ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தான், சட்டையெல்லாம் கிரீஸ். மஞ்சள் ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்தான். மணவாளன் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

முதல் உயிரை மணவாளன் இழந்தான். பிறகு ரகு. அப்புறம் மறுபடி மணவாளன். ஹாலே கத்தியது. "ரிமோட்டு பட்டன் சிக்குது" என்றான் மணவாளன். "இன்னும் மாறலடா நீ" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொல்ல, சிரிப்பு.

அதன் பிறகு ரகு இன்னொரு உயிரை விட்டான். அது வேண்டுமென்றே விட்டது. எனக்குத் தெரியும். அவன் கட்டை விரல் தளர்ந்துவிட்டது. அம்மா பேச்சு உள்ளே வேலை செய்கிறது. இருவருக்கும் கடைசி உயிர், முதுகில் ஒற்றைப் பலூன். ரகுவின் ஆள் தண்ணீர் ஓரமாகத் தாழ்ந்து தாழ்ந்து போகிறான். மீன் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. மேலேயிருந்து மணவாளன் இறங்குகிறான், வாயைத் திறந்துகொண்டு, பத்து வயதுப் பையன் மாதிரி.

டைம்பீஸைப் பார்த்தேன். நேரம் இன்னும் இருந்தது. ஆனால் டைம்பீஸ் என் மடியில் இருந்தது.

சுவிட்சை அணைத்தேன்.

டிவி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. அதுவும் போனது.

"நைனா!" என்று அலறினான் மணவாளன். "ஒரே நிமிஷம் நைனா! ஜெயிச்சிட்டேன் நைனா! ஐயோ நைனா!"

"டேய், டைம் முடிஞ்சுது. எந்திரி."

ஹால் அதிர்ந்தது. தரையைத் தட்டிச் சிரிக்கிறார்கள், கண்ணைத் துடைக்கிறார்கள். இதற்காகத்தானே என்னை வரவழைத்தார்கள்? கோபிக்கவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் மணவாளன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"திரும்பப் போடுங்க நைனா. மொதல்லருந்து ஆடறோம்."

"ஆடலாம் சார். இன்னிக்கு நேரம் முடிஞ்சிது. இன்னொரு நாளு ஆடணும்னா ரகு இங்க இருக்கணும். திங்கக்கெழம அவன் பேர எடுக்கறீங்க இல்ல?"

சிரிப்பு நின்றுவிட்டது. மில் பெரியவர் பக்கத்து ஆளைக் கேட்டார். அவன் காதில் சொன்னான். பெரியவர் மணவாளனைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டார், ரகுவைக் கைகாட்டினார், சிரித்தார். மணவாளன் கழுத்தில் வேர்வை. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நல்லதாக மாற்றிச் சொல்வார்கள்.

செட்டு, ஒயர், கேசட் எல்லாவற்றையும் அரிசிப் பையில் கட்டினேன்.

"செட்டு இங்கயே இருக்கட்டுமே நைனா. பத்திரமா பாத்துக்குவோம்," என்றான் மணவாளன்.

"ஊட்ல இருந்துதான் சார் இத்தினி வருசம் பத்திரமா இருந்துது."

திங்கட்கிழமை மஞ்சள் ஹெல்மெட்காரர்களின் பெயர்களை எடுத்தார்கள். கேன்டீன் பேச்சு சரிதான், திரும்பச் சேர்க்கவில்லை. ரகுவோடு ஒரே சூட்டில் நின்ற சடையப்பனுக்கும் வேலை போனது. கம்பி வருகிற சத்தத்தை வைத்தே அது எங்கே சிக்கும் என்று சொல்கிற ஆள் அவன். பலூன் கேம் தெரியாது.

ரகுவை பர்மனென்ட் ஆக்கினார்கள். மில் பெரியவர் உத்தரவாம். ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு ஏசி அறை, ஆபீசர்கள் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கேம் ஆடி மனசாறுவதற்கு. அதைப் பார்த்துக்கொள்கிற வேலை. நீல ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். அந்த அறையில் தலையில் விழ மின்விசிறிகூடக் கிடையாது.

"சடையப்பன் எதுர்ல வந்தா மூஞ்சப் பாக்க முடியல நைனா," என்கிறான் ரகு. நான் ஹெல்மெட்டை எடுத்துக் கையில் கொடுப்பேன்.

செட்டை அறைக்குக் கொடுத்துவிட்டேன். கேசட்டைக் கொடுக்கவில்லை. காலையில் சோத்து டப்பாவோடு போகும், சாயந்தரம் டப்பாவோடு வரும். வந்ததும் நான் வாங்கி வைத்துக்கொள்வேன். ஒரு வருடம் ப்ரொபேஷன் என்று போட்டிருக்கிறார்கள். நடுவில் பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிடலாமாம். எழுதிக் கொடுத்துவிட்டு அதை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்றும் எழுதுகிறவர்களிடம் கேசட்டை முழுதாக விட முடியாது.

போன வாரம் மணவாளன் மறுபடி வந்தான். சிலிண்டர் மேல் போர்வை போடவில்லை. உட்காரச் சொன்னேன். ஞானம்மா டீ கொடுத்தாள். ரகு இன்னும் அவனை ஜெயிக்க விடவில்லை. தான் தோற்கப்போகிற நேரமாகப் பார்த்துச் சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று சுவிட்சை அணைத்துவிடுகிறானாம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம் நைனா. கடைசி வரைக்கும் உடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ப்ரொபேஷன் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

"பாக்கலாம் சார்," என்றேன்.