வாய் மூடாத கிடார்

அவனை எல்லோரும் ரெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மேடைக்குப் போனாலும் அக்கூஸ்டிக் ஒன்று, எலெக்ட்ரிக் ஒன்று என்று இரண்டு கிடாரையும் சுமந்துகொண்டு போவதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒரே கச்சேரியில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பது லேசுப்பட்ட காரியமா? பெடல், பெட்டி, வயர் என்று அவன் பரப்பி வைப்பதைப் பார்த்தால், ஆள் வீடு மாற்றிக்கொண்டு வந்துவிட்டானோ என்று தோன்றும்.

இத்தனை நாளும் இரண்டு கிடாரின் சத்தமும் ஒரே ட்யூனர் பெடல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காலால் அதை ஒரு மிதி மிதித்தால் இரண்டும் ஊமையாகிவிடும். சுருதி சேர்க்கலாம், தும்மலாம், பக்கத்தில் இருப்பவனிடம் ஊர்க்கதை பேசலாம். ஆனால் அந்த வழியில் அக்கூஸ்டிக்கின் சத்தம் செத்துப்போகிறது என்று அவனுக்கு வெகு நாளாக ஒரு குறை. அதனால் இந்தக் கச்சேரிக்காக எல்லாவற்றையும் பிரித்து மாட்டினான். எலெக்ட்ரிக் மட்டும் ட்யூனர் பெடல் வழியாகப் பின்னால் இருக்கும் ஆம்ப் பெட்டிக்கு. அக்கூஸ்டிக் தனி வயரில் நேரே சவுண்ட்காரரின் மிக்ஸருக்கு. போதாததற்கு அக்கூஸ்டிக்கின் வயிற்றுக்குள் பட்டாணி அளவில் ஒரு மைக் வேறு. விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்கும் என்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். எல்லாவற்றையும் மாற்றியவன், மாற்றியதைத் தன் காலுக்குச் சொல்ல மறந்துவிட்டான்.

அன்றைக்கு அவன் தங்கச்சி மறுபடி மேடை ஏறுகிறாள். தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் பாடாமல் இருந்தவள். குழுவில் வேறு பாடகியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன்தான், ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று பேசி அழைத்து வந்திருந்தான். இன்றைக்கு நன்றாகப் போனால் இடம் அவளுக்கு. இல்லையென்றால் அவ்வளவுதான், அது அவளுக்கும் தெரியும்.

பாடும்போது காதில் மாட்டும் கருவியில் எந்தெந்த வாத்தியம் கேட்க வேண்டும் என்று சவுண்ட்காரர் கேட்டபோது, அண்ணனின் அக்கூஸ்டிக்கை மட்டும் நன்றாகத் தூக்கி வையுங்கள் என்றாள். பிறகு இவன் பக்கம் திரும்பி, “நீ காதுக்குள்ள இருந்தா பயம் இல்லடா” என்றாள். அண்ணா என்று அவள் கூப்பிடுவது அபூர்வம். சின்ன வயதிலிருந்தே வாடா போடாதான். அவனுக்கும் அதுதான் பிடிக்கும்.

ஒத்திகை முடிந்தது. ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்ததால் வெளி ஸ்பீக்கர்களை சவுண்ட்காரர் மூடிவிட்டார். தங்கச்சி மேடையின் முன்பக்கம் முதுகைக் காட்டி நின்று, பாட்டு வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். டிரம்ஸ் வாசிக்கிறவன் இவன் பக்கம் சாய்ந்து, குரல் எப்படி, தேறுமா என்று விசாரித்தான். ரெட்டை பழக்க தோஷத்தில் ட்யூனரை மிதித்தான். மடியில் இருந்த அக்கூஸ்டிக்கின் மேல் கவிழ்ந்து ரகசியம் பேசினான்.

“எங்கடா தேறும்? பழைய குரல் போயே போச்சு. வீட்ல உட்கார்ந்து அழுதுட்டே இருக்கா, பாவம்னு கூட்டிட்டு வந்தேன். சுருதி விட்டாள்னா என் கிடார் இழுத்துட்டுப் போயிடும், பார்த்துக்கலாம்.”

கெட்ட எண்ணத்தில் சொன்னானா என்றால், இல்லை. விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள ஓர் அற்ப ஆசை. அதற்குத் தங்கச்சியின் தொண்டைதானா கிடைத்தது?

சவுண்ட்காரர் மேடைக்கு வந்து, சரியாகத்தான் இருந்த வயரைக் குனிந்து சரி செய்தார். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது. இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணே, அக்கூஸ்டிக் லைன் திறந்தேதான் இருக்கு. நீங்க மிதிச்சது எலெக்ட்ரிக்கை. வெளிய எதுவும் போகல. உள்ள இருக்கற மைக் வழியா அவங்க காதுக்கு மட்டும்தான்.”

ரெட்டைக்குக் காது மடல் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முன்னால் தங்கச்சியின் விரல் ஒரே வரியின் மேல் நின்றுபோயிருந்தது. எழுந்து போனான். அது வந்து, அது வந்து என்று மென்று விழுங்கினான்.

அவள் ஒரு காதிலிருந்து கருவியை எடுத்தாள். கண் சிவந்திருந்தது, குரல் சிவக்கவில்லை. “முதல் பாட்டுக்கு அக்கூஸ்டிக்தானே எடுக்கறீங்க?” என்று கேட்டாள்.

எடுக்கறீங்க. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான், நாலு பேர் பார்க்க அறைந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பான். இந்த மரியாதையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினான். அவள் சவுண்ட்காரரிடம் போய், என் காதிலிருந்து அக்கூஸ்டிக்கை எடுத்துவிடுங்கள், கீபோர்டு போதும் என்றாள். அதை ஒளித்துச் சொல்லவுமில்லை, இவன் கேட்கட்டும் என்று உரக்கச் சொல்லவுமில்லை.

விளக்கு அணைந்தது, பாட்டு தொடங்கியது. பழைய குரல் இல்லை, அது உண்மைதான். அடியில் ஒரு கரகரப்பு இருந்தது. இரண்டாவது வரியில் மேலே ஏறும் இடத்தில் அவள் நூலிழை நழுவினாள். கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது, இவனுக்குத் தெரிந்தது. கை தானாகக் கம்பியை அழுத்தி அடித்தது, அவளை இழுத்துக்கொண்டு வர. அடித்த பிறகுதான் உறைத்தது, அந்தச் சத்தம் அவளிடம் போகாது. அதற்கும் முந்தி, அவள் நழுவிய அந்தக் கணத்தில், அவனுக்குள் ஒன்று எழுந்து நின்றது. நான்தான் சொன்னேனே என்றது. சந்தோஷப்பட்டது.

அவள் மூச்சை இழுத்து, அதே இடத்துக்கு மறுபடி வந்தாள். இந்தத் தடவை நேராக ஏறி அங்கேயே நின்றாள். கரகரப்போடுதான் நின்றாள். யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவள் வாத்தியக்காரர்கள் பக்கம் கை காட்டினாள். கீபோர்டு, டிரம்ஸ், கடைசியாக அவன். கூட்டம் அவனுக்கும் சேர்த்துத் தட்டியது. அவன் பேசியதை அவள் கேட்டுவிட்டாள், அதற்கு என்றைக்காவது மன்னிப்புக் கேட்டுவிடலாம். அவள் நழுவியபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது அவளுக்குத் தெரியாது. அதை எப்படிச் சொல்லி மன்னிப்புக் கேட்பது? அவன் குனிந்து, சரியாக இருந்த சுருதியை மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தான்.