மஞ்சளாகிப்போன ஆரத்தி

மறுவீட்டுக்கு வரும் மூத்த மகளும் மாப்பிள்ளையும் வடலூரில் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்ததும், விருத்தாம்பாள் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் சிவக்கச் சிவக்க ஆரத்தி கரைத்து வைத்துவிட்டுப் பாயசத்தைக் கிளறப் போனாள். திரும்பி வந்தால் தட்டில் வெறும் மஞ்சள் தண்ணீர். பக்கத்தில், நர்சிங் படிக்கும் இளையவள் சரிதா, வாயில் ஸ்ட்ராவோடு.

“அடிப்பாவி! ஆரத்தியப் போயி எச்சில் பண்ணிட்டியே!”

“ஊதித்தாம்மா பார்த்தேன். நாம விடுற மூச்சு தண்ணியில கரைஞ்சா அமிலம். அது சுண்ணாம்போட காரத்த அடக்கிடுச்சு, செவப்பு போயிடுச்சு. அந்தக் காத்து உள்ளயே தங்கினா ரத்தம் புளிச்சிடும். அதான் நிறுத்தாம மூச்சு விட்டுகினே இருக்கோம்.”

“அம்பது வருசமா மூச்சு வுடுறவகிட்டயே கதை வுடுறியா?”

புதிதாகக் கரைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “பொய்யா இருந்துச்சு, தோல உரிச்சிடுவேன்” என்று ஸ்ட்ராவைப் பிடுங்கி, கன்னம் வலிக்க ஊதினாள். சிவப்பு மெல்ல வெளுத்து, மஞ்சளானது.

“அட, ஆமாண்டி!” என்று துள்ளினாள்.

வாசலில் பெட்டியும் கையுமாக நின்ற மாப்பிள்ளை பணிவாகக் கேட்டார்.

“அத்தை, அடுத்த தட்டு கரைக்கிறதுக்குள்ள நாங்க தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வரட்டுங்களா?”