வழிமறித்த வெள்ளை சாகா

பணி ஓய்வு விருந்தில் நல்லமுத்து செய்த காரியத்தை அவர் மனைவி சந்திரிகா இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் அவளுக்கு இல்லை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்த மனிதருக்கு மாலை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்து, "உங்க வாழ்க்கையையே மாத்துன ஆளு யாருண்ணே?" என்று கேட்டார்கள். சந்திரிகா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கத் தயாரானாள். மேசையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துக் கைதட்டவே தொடங்கிவிட்டார்கள். நல்லமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிஏஎஃப் நாலு நாலு ஒன்னு ஏழு," என்றார்.

அது ஒரு காரின் எண்.

டத்தோ கிராமாட்டில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே ஒரு முடிவெட்டும் கடை இருக்கிறது. அங்கே வரும் யாரோ ஒருவர் தம்முடைய பழைய வெள்ளை புரோட்டோன் சாகா காரை நல்லமுத்துவின் காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்திவிட்டுப் போவது வழக்கம். பினாங்கில் இதெல்லாம் ஒரு குற்றமே இல்லை. இடம் கிடைக்காதவர்கள் அடுத்தவர் காரை மறித்து நிறுத்துவார்கள், கைப்பேசி எண்ணை ஓர் அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குள் வைப்பார்கள், நிம்மதியாகப் பசியாறப் போவார்கள். ஊர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் நல்லமுத்துதான்.

அவருடைய கணக்கு இப்படி. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க பாகான் டாலாமுக்குக் கிளம்பிய அன்று சாகா மறித்தது. பாலம் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் பார்க்க வேண்டிய பெண் கௌரியின் வீட்டார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். "பொண்ணு பார்க்க வர்ற நேரமாய்யா இது?" என்று பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஏசிய பெண்ணைத்தான் அவர் பிறகு கட்டிக்கொண்டார். அவள்தான் சந்திரிகா. சிங்கப்பூர் வேலைக்கு நேர்காணல் என்று கிளம்பிய அன்றும் சாகா மறித்தது. அந்தக் கம்பெனி அடுத்த வருடமே இழுத்து மூடப்பட்டது. நண்பர் கிஷனோடு இறால் பண்ணையில் பங்கு சேரப் போன அன்றும் மறித்தது. கிஷன் இன்றைக்கும் இறால் என்ற வார்த்தையைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

"டாக்சி பிடிச்சிருக்கலாம்ல?" என்று சந்திரிகா கேட்காத வருடமில்லை.

"மறிச்சது காடியா? விதிலா," என்பார், காரை ஊர் வழக்கில் காடி என்று சொல்லும் நல்லமுத்து.

"மத்த நாள்லயும்தான் மறிக்குது. மாசத்துக்கு ஒரு தடவ மறிக்குது."

"அது சும்மா பார்க்கிங். முக்கியமான நாள்ல மறிச்சாதான் வழிகாட்டல்."

இப்படிப் பேசுகிறவரிடம் யார் என்ன வாதம் செய்வது? அந்தக் காரின் சொந்தக்காரர் யார் என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. தெரிந்துகொண்டால் மரியாதை குறைந்துவிடும் என்பது அவர் எண்ணம். அட்டையில் இருந்த எண்ணை மட்டும் 'வழிகாட்டி' என்று கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் ரூபினிக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. ஒரே மகள், மருத்துவமனைத் தாதி. ஞாயிற்றுக்கிழமை காலை விமானம். நல்லமுத்துவுக்கு அவளை அனுப்ப மனமில்லை. ஆனால் பெற்று வளர்த்துப் படிக்கவைத்துவிட்டு, போகாதே என்று சொல்லும் தகப்பன் எவ்வளவு அற்பமானவன்! அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தார், சிரித்துக்கொண்டே பெட்டியை எடைபோட்டார். உள்ளுக்குள் மட்டும் ஒரு தைரியம் இருந்தது. சாகா வரும், மறிக்கும், மகள் போகமாட்டாள்.

வெள்ளிக்கிழமைதான் அவருக்கு உறைத்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் முடிவெட்டும் கடை மூடியிருக்கும்.

அவர் முதன்முறையாக வழிகாட்டியை அழைத்தார்.

"சாரிண்ணே, சாரிண்ணே! இதோ வந்து எடுத்துடறேன்! ரெண்டே நிமிஷம்!" என்று மறுமுனையில் ஒரு குரல் பதறியது.

"எடுக்க வேணாம்ணே," என்றார் நல்லமுத்து. "வைக்கணும்."

சூலியா தெருவில், தேநீர் விற்கும் ஓர் ஒட்டுக்கடையில் சந்தித்தார்கள். சாகாவின் சொந்தக்காரர் பெயர் வாசு. வீடுகளுக்குத் திரைச்சீலை மாட்டிக் கொடுப்பவர். தலைமுடிக்கு மை போட்டு, வழித்துச் சீவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். அடிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ வெளியே ஓட வசதியான நாற்காலியில் உட்கார்ந்தார். நல்லமுத்து முழுக் கதையையும் சொல்லி முடித்தபோது வாசுவின் கண்கள் கலங்கியிருந்தன.

"எங்க வீட்டுல டிவி ரிமோட்ட கூட என் கையில குடுக்கமாட்டாங்கண்ணே," என்றார். "நானா ஒருத்தர் வாழ்க்கைய மாத்துனேன்?"

"நீங்கதான்."

வாசு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிடமே மனிதர் மாறிவிட்டார். "தே தாரேக்ல சீனி ஜாஸ்தி குடிக்கிறீங்க. கொறைங்க," என்றார். நல்லமுத்து உடனே தேநீர் கிளாஸைத் தள்ளிவைத்தார். "இந்தச் சட்ட கலரும் உங்களுக்கு எடுக்கல." நல்லமுத்து குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். வாசுவுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்னதைக் கேட்கும் ஆள் கிடைத்துவிட்டார், விடுவாரா? "மகள் விஷயத்துக்கு வருவோம். பிள்ளைங்க வெளியூர் போறது நல்லதுதான்ணே. அனுப்பி வைங்க."

"மன்னிக்கணும்ணே," என்றார் நல்லமுத்து. "நீங்க சொல்றது வேற, உங்க காடி சொல்றது வேற. நான் காடியத்தான் நம்பறேன்."

வாசுவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து மறிப்பதாகக் கையடித்துக் கொடுத்தார்.

சொன்ன சொல் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சாகா கழுவித் துடைக்கப்பட்டு நல்லமுத்துவின் மைவி காருக்குப் பின்னால் குறுக்கே நின்றது. பக்கத்திலேயே வாசு, பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு, ரிப்பன் வெட்ட வந்த பிரமுகர் மாதிரி நின்றார். பெட்டிகளோடு இறங்கி வந்த நல்லமுத்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "அலாமாக்! என்னம்மா இது! குறுக்க போட்டுட்டாங்களே!" என்று கத்தினார். தீபாவளி நாடகத்தில்கூட யாரும் அவ்வளவு மோசமாக நடித்ததில்லை.

"நான் கிராப் டாக்சி கூப்பிடறேன்ப்பா," என்றாள் ரூபினி.

"வேணாம்மா. இது சாதாரண காடி இல்ல. நான் சொல்லியிருக்கேன்ல? இது மறிச்சா போகக்கூடாது."

ரூபினி அப்பாவைப் பார்த்தாள். பாத்தேக் சட்டைக்காரரைப் பார்த்தாள். பிறகு கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேரே போய், சாகாவின் பின்பக்கத்தில் ஒரு கையை வைத்துத் தள்ளினாள். சாகா ஒரு முனகலும் இல்லாமல் நகர்ந்தது.

நல்லமுத்து வாசுவிடம் ஓடினார். "ஹேண்ட்பிரேக் போடலியாண்ணே?" என்றார், அழாத குறையாக.

"நான் என்னிக்குண்ணே போட்டேன்?" வாசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஃப்ரீ கியர்ல விட்டுட்டுத்தான் எப்பவும் போவேன். அவசரம்னா தள்ளிட்டுப் போகட்டும்னுதான். நான் என்ன மனசாட்சி இல்லாதவனா?"

"எப்பவுமேவா?" என்று கேட்டாள் சந்திரிகா.

"வாங்குன நாள்லேருந்துக்கா."

சந்திரிகா கணவர் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து மறிக்குது. ஒரு தடவகூட தள்ளிப் பார்க்கலியா நீங்க?"

பார்க்கவில்லை. பாகான் டாலாமுக்குக் கிளம்பிய அன்று, குறுக்கே நின்ற சாகாவைக் கண்டதும் கோபம் வரவில்லை, அப்பாடா என்றிருந்தது அவருக்கு. வீட்டில் வற்புறுத்தியதற்காகக் கிளம்பியவர் அவர். சிங்கப்பூருக்கும் அப்படித்தான். கிஷனிடம் பங்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராமல்தான் இறால் பண்ணைக்குக் கிளம்பினார். ஒவ்வொரு தடவையும் காரைக் காட்டிவிட்டு, நேரம் தவறும்வரை வீட்டுக்குள் போய் மின்விசிறியின் கீழே உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு காலமாக ஒரு திரைச்சீலைக்காரரின் காரை முன்னால் நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை.

"நான் போகக்கூடாதாப்பா?" என்றாள் ரூபினி மெதுவாக.

"போவாதம்மா."

வார்த்தை பட்டென்று வந்ததில் அவரே பயந்துபோனார். ஆனால் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "நீ இல்லாம இந்த வீட்டுல எப்படிம்மா இருப்பேன்? உங்கம்மாவும் நானும் ஒக்காந்து என்னத்த பேசறது?"

"ஏன், காடிய பத்தி பேசுங்க," என்றாள் சந்திரிகா. ஆனால் அவள் குரலும் உடைந்திருந்தது.

ரூபினியின் கண்ணில் தண்ணீர் ஓடியது. "இத ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"இல்லப்பா. போயிருப்பேன்." அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா நீங்க சிரிச்சுக்கிட்டே பெட்டி கட்டறீங்க. சட்ட வாங்கிட்டு வர்றீங்க. நான் போறது உங்களுக்கு ஒன்னுமே இல்லன்னு நெனச்சு தெனமும் அழுதேன்ப்பா."

நல்லமுத்து அந்த இடத்திலேயே நின்று அழுதார். மகளைக் கட்டிக்கொண்டு, ஐந்தடுக்கு ஜன்னல்களும் திறந்து பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். வாசு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "அழுதுருங்கண்ணே, நல்லது," என்றார். நல்லமுத்து அதையும் கேட்டுக்கொண்டார்.

பிறகு இரண்டு கைகளையும் சாகாவின் மேல் வைத்து, மைவி வெளியே வருகிற அளவுக்கு அவரே தள்ளினார். அது அவ்வளவு லேசாகப் போனது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பெட்டிகளை ஏற்றினார். ரூபினி முன்னால் உட்கார்ந்தாள். நல்லமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்து, காரைப் பின்னால் எடுக்கப் பின்கண்ணாடியில் பார்த்தபோது எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது, வழி எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை.

"வாங்க, வாங்க," என்று சந்திரிகா பின்னால் நின்று கையசைத்தாள். "கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க. பயப்படாம வாங்க, நான் பார்த்துக்கறேன்."

அவர் லெஃப்டில் ஒடித்தார்.