நசீமா உட்கார்ந்த பெஞ்சுகள்

நசீமா உட்கார்ந்த பெஞ்சு முதன்முதலாக மேலே எழும்பியது ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை, சாயங்காலம் நாலேகால் மணிக்கு. இடம், இராஜபாளையத்தில் ஒரு நூல் மில் வாசலுக்கு எதிரே இருக்கும் இருளப்பசாமி டீக்கடை. உயரம், தரையிலிருந்து ஒன்றரை முழம். பெஞ்சு வேப்பமரத்தில் செய்தது, எட்டடி நீளம். ஒரு கால் குட்டை என்பதால் அதற்கடியில் ஓட்டுச்சில்லு ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார்கள். பெஞ்சு எழும்பியபோது சில்லு தரையிலேயே கிடந்தது. அதே வாரம்தான் டீ விலையும் இரண்டு ரூபாய் ஏறியது. ஊரில் அதிகம் பேசப்பட்டது விலையைப் பற்றித்தான்.

நசீமாவின் கணவர் ஹுமாயூன் பேண்டேஜ் கம்பெனி ஒன்றின் லைன் சேல்ஸ்மேன். வண்டியின் இரண்டு பக்கமும் பை நிறைய கட்டுத்துணி உருளைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் என்று மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்குவது அவர் பிழைப்பு. எந்த ஊரில் இருந்தாலும் சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு அந்த ஊரின் நல்ல டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் டீயைவிட அவருக்கு ருசித்தது, ராத்திரி சோறு போடும்போது அதை நசீமாவிடம் சொல்வதுதான். மில் வாசல் டீ குடித்தவன் ரெண்டு ஷிப்டுக்குக் கண்ணசர மாட்டான் என்பார். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கத்து டீயில், பால்கோவாவுக்குப் போகவேண்டிய பால் வழிதவறி வந்து விழுந்திருக்கிறது என்பார். வத்திராயிருப்பில் சோலைராஜ் போடும் டீயில் மலைக்காற்று ஒரு பங்கு என்பார். கேட்கிறவளுக்கு நாக்கில் நீர் ஊறும்.

சொல்வதோடு நிற்காமல் வாங்கியும் வருவார். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, நூல் சுற்றி, வண்டியின் முன்பக்கக் கொக்கியில் ஆடி ஆடி வரும் அந்த டீ, வீடு வந்து சேரும்போது ஆறி, ஆடை பையில் ஒட்டி, பையின் வாடையோடு இருக்கும். நசீமா அதைச் சுடவைத்துக் குடிப்பாள். சுடவைத்த டீ வேறு டீ. இருபத்துநாலு வருஷமாக அவள் இப்படித்தான் சுற்றுவட்டாரத்து டீயை எல்லாம் குடித்து வந்தாள்.

மகள் சுமையாவைக் கட்டிக்கொடுத்த மறுமாதம் ஒரு நாள் அவள் சொன்னாள்: "ஏங்க, கடையில உக்காந்து, சுடச்சுட ஒரு டீ குடிக்கணும். அம்புட்டுத்தான்."

"பொம்பளைக டீக்கடையில உக்காந்தா..." என்று ஹுமாயூன் ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தின் மிச்சம் அவருக்கு வரவில்லை. சாப்பிடும்போதும் தேடினார், வண்டி ஓட்டும்போதும் தேடினார். பத்தொன்பது நாள் தேடியும் கிடைக்காததால் இருபதாம் நாள் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

பெண்கள் உட்காரக் கூடாது என்று எந்தக் கடையிலும் பலகை கிடையாது. வருகிற பெண்கள் பார்சல் வாங்குவார்கள். இல்லையென்றால் புருஷன் கொண்டுவந்து கொடுக்கும் கிளாஸை வண்டியோரம் நின்று, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குடிப்பார்கள். இருளப்பசாமி கடைக்குப் பக்கத்தில் பூக்கட்டும் சுடலையம்மாள் முப்பது வருஷமாக நின்றுகொண்டேதான் குடிக்கிறாள். எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை என்பதால், அந்தப் பெஞ்சுகளுக்கு இப்படி ஒரு குணம் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

அன்றைக்குப் பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள். ஹுமாயூன் போய் ஆறாவதாக உட்கார்ந்தார். நசீமா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். எல்லாம் நல்ல மனுஷர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண்பிள்ளை வந்து உட்கார்ந்தால் ஆண்பிள்ளை எழுந்து இடம் கொடுப்பது மரியாதை என்றுதான் வளர்ந்தவர்கள். "நீங்க உக்காருங்கக்கா, நல்லா உக்காருங்க" என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாரம் குறைந்த பெஞ்சு ஒன்றரை முழம் மேலே போய் நின்றது. அவள் செருப்பில் ஒன்று கழன்று விழுந்தது.

இருளப்பசாமி பாய்லர் வெடித்ததையும் பார்த்தவர், கடைக்குள் வெள்ளம் புகுந்ததையும் பார்த்தவர். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "சீனி கம்மியா, நார்மலா?" என்று கேட்டார். டீ ஆற்றிக் கிளாஸில் ஊற்றியாயிற்று. கை நீட்டினால் எட்டும் உயரம்தான். ஆனால் அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் கையில் நேராகக் கிளாஸைக் கொடுக்க அவருக்குக் கூச்சம். பாய் கையில் கொடுத்து, பாய் கொடுக்கட்டும் என்று ஹுமாயூனைத் தேடினால், அவர் வெட்கப்பட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் செயினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆள்விட்டு அவரைக் கூப்பிட்டு, அவர் வந்து வாங்கிக் கொடுப்பதற்குள் டீ ஆறிப்போயிற்று. நசீமா குடித்தாள். கிளாஸ் காலியாகக் காலியாகப் பெஞ்சும் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கி, சில்லின் மேல் சரியாக வந்து நின்றது. பெஞ்சு பறந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வண்டியில் திரும்பும்போது, "ஆறிப்போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர். தேரடிக் கடையில் ஒன்பது பேர் எழுந்து மரியாதை செய்ததால் பெஞ்சு தகரக் கூரையைத் தாண்டிப் பெயர்ப்பலகை வரைக்கும் போய்விட்டது. பக்கத்து ஜவுளிக்கடையில் மேல்தட்டுச் சேலையை எடுக்கும் கொக்கிக் கம்பை இரவல் வாங்கி, தூக்குவாளியில் டீயை வைத்து மேலே அனுப்பினார்கள். கம்பைப் பிடிப்பது யார் என்பதில் சின்ன வாக்குவாதம் வந்தது. அது முடிந்தபோது டீயின் சூடும் முடிந்திருந்தது. தகவல் கேள்விப்பட்டு நகராட்சி அதிகாரி ஒருவர் அளக்கும் டேப்போடு வந்து பார்த்தார். ஆக்கிரமிப்பு என்பது தரையில் அளப்பது, பெஞ்சு தரையில் இல்லை, ஆகவே நடவடிக்கைக்கு இடமில்லை என்று எழுதிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அவரும் நின்றுகொண்டுதான் குடித்தார், மேலே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்ற மரியாதைக்காக.

மூன்றாவது வாரம் வத்திராயிருப்பு. சேதி முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர்ப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று சோலைராஜ் கடையில் பதினாலு பேர் முதலிலேயே வந்து காத்திருந்தார்கள். நசீமா உட்கார்ந்ததும் ஹுமாயூன் எழுந்தார், பதினாலு பேரும் ஒருசேர எழுந்தார்கள். எதிர்க்கடையில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை, எழுந்தார்கள். பெஞ்சு கிணற்றுவாளி மாதிரி விறுவிறுவென்று தென்னைமரக் கொண்டை உயரத்துக்குப் போயிற்று. ஆடிக்காற்று வேறு மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே தள்ளியது. ஹுமாயூன் பதறிப்போய்ப் பையிலிருந்து கட்டுத்துணி உருளை ஒன்றை எடுத்து மேலே வீசினார். நசீமா நுனியைப் பிடித்துப் பெஞ்சுக்காலில் முடிச்சுப் போட்டாள். அவர் கீழே பட்டம் விடுகிறவரைப் போல உருளையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் டீ குடித்தால்தான் பெஞ்சு இறங்கும். டீயைக் கொண்டுபோக மரமேறத் தெரிந்த ஆள் வேண்டும். மரமேறி தோப்புக்குள் இருந்தார். கூட்டிவர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் நசீமா தனியாக மேலே உட்கார்ந்திருந்தாள். மலை பக்கத்தில் இருந்தது. மாந்தோப்பும் நடவு வயலும் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸும் கீழே தெரிந்தன. அழகாகத்தான் இருந்தது, ஆனால் குளிரடித்தது. ஒரு டீ குடிக்க ஆசைப்பட்டது இவ்வளவு பெரிய குற்றமா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். அப்போதுதான் ஒரு விஷயம் அவள் மண்டையில் உறைத்தது. மரமேறி இடுப்பில் கட்டிக் கொண்டுவந்த டீ கிணற்றுத் தண்ணீர் போல இருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹுமாயூன் சொன்னார்: "போதும் நசீமா. ஊரே சிரிக்குது."

"ஊரு எங்க சிரிக்குது? எந்திரிச்சுல்லா நிக்குது. மூணு கடையிலயும் மொத எந்திரிச்சது யாரு?"

அவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

"நீங்கதான். நீங்க எந்திரிச்ச பொறவுதான் மத்தவிய எந்திரிச்சாவ."

"மரியாதைக்குத்தானட்டி எந்திரிச்சேன்."

"வீட்டுல நீங்க சோறு திங்கும்போது நான் வந்து உக்காந்தா எந்திரிக்கியளா? அங்க மட்டும் என்ன மரியாத?"

நசீமா குரலை உயர்த்தாமல் முடித்தாள்: "அடுத்த வாரம் சுந்தரபாண்டியம். அங்கயும் ஆறிப்போன டீதான்னா, இனிமே நான் டீயே குடிக்கல. உங்க டீக்கதையும் கேக்கல."

முதல் பாதியை ஹுமாயூன் தாங்கிக்கொண்டார். இரண்டாவது பாதியை அவரால் தாங்க முடியவில்லை. அந்த வாரம் அவர் நாலு கடையில் டீ குடித்தார், எதுவும் ருசிக்கவில்லை. சொல்ல ஆளில்லாத டீ வெறும் தண்ணீர்தானே என்று இருந்தது. ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தால் நசீமா குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் தனியாகத் தின்றார்.

சுந்தரபாண்டியத்தில் தங்கச்சாமி கடை சின்னது. ஒரே பெஞ்சு. வயலில் இருந்து கரையேறி வந்த விவசாயிகள் நாலு பேர் பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஹுமாயூன் உட்கார்ந்தார். பக்கத்தில் நசீமா உட்கார்ந்தாள். நாலு பேரின் முழங்காலும் நிமிரத் தொடங்கியது. ஹுமாயூனின் முழங்காலும், ஐம்பத்து இரண்டு வருஷத்துப் பழக்கத்தில், தானாக நிமிரத் தொடங்கியது. அவர் சட்டென்று குனிந்து இரண்டு கைகளாலும் பலகையின் அடிப்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உடம்பு எழப் பார்த்தது, கை விடவில்லை. முகம் சிவந்து, நெற்றியில் வியர்த்து, பஸ் பள்ளத்தில் இறங்கும்போது கம்பியைப் பிடித்திருப்பவர் போல அவர் உட்கார்ந்தே இருந்தார்.

பாதி எழுந்திருந்த நாலு பேருக்கும் குழப்பமாகிவிட்டது. புருஷன்காரனே உட்கார்ந்திருக்கும்போது நாம் எழுந்தால் என்ன அர்த்தம், எழாவிட்டால் என்ன அர்த்தம் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்கள். ஒருவர் பீடி வாங்கப் போனார். நவநீதகிருஷ்ணன் என்பவர் மட்டும் முடிவுக்கு வர முடியாமல், எழுந்தும் எழாமலும், கையில் விளையாட்டுப் பக்கத்தோடு அப்படியே நின்றார். பெஞ்சு ஒரு தடவை குலுங்கி, ஒரு சாண் மட்டும் எழும்பி, அங்கேயே நின்றுவிட்டது.

தங்கச்சாமி டீயை ஆற்றி எடுத்துவந்து வழக்கப்படி ஹுமாயூனிடம் நீட்டினார்.

"எங்கையில குடுக்காதீங்க அண்ணாச்சி" என்றார் ஹுமாயூன் பல்லைக் கடித்துக்கொண்டு. "கைய எடுத்தா எந்திரிச்சிருவேன். அவகிட்டயே குடுங்க. சீக்கிரம்."

தங்கச்சாமி தயங்கினார். கிளாஸ் விரலைச் சுட்டது. சூடு பொறுக்க முடியாமல் அதை நேராக நசீமாவின் கையில் கொடுத்துவிட்டார். நசீமா முந்தானையால் கிளாஸைப் பிடித்து, ஊதாமல், நுரையோடு ஒரு வாய் குடித்தாள். நாக்கு பொத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்பிடிட்டி இருக்கு?" என்று ஹுமாயூன் குனிந்தபடியே கேட்டார்.

"சுடுதுங்க" என்றாள் நசீமா. பிறகு சொல்லத் தொடங்கினாள். முதலில் ஏலக்காய் வருகிறது என்றாள். அதற்குப் பின்னால் தேயிலைச் சாயத்தின் துவர்ப்பு, அதற்கும் பின்னால் கொஞ்சம் விறகுப் புகை என்றாள். டீயைப் பற்றி அவள் சொல்லி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் பேப்பரைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கேட்டார்கள். கிளாஸில் ஒரு வாய் மிச்சம் இருக்கும்போதே அவள் இன்னொரு டீ சொன்னாள். தங்கச்சாமி கையை ஒரு சாண் தூக்கிக் கொடுத்தார். ஹுமாயூனுக்குச் சொன்ன டீ அவர் பக்கத்தில் பலகை மேல் இருந்தது. பிடித்த கையை விட முடியாமல், ஆடை படிந்து அது ஆறிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.