பச்சை டயல் மோதிரம்

இருபதாம் எண் வளையம் ஜூட்டின் வலது கை மோதிர விரலில் மூட்டைத் தாண்டி, லேசாகத் திருகியதும் இறங்கியது. லிசி அதைக் கழற்றிப் பார்த்தாள். வரும்போதும் அதே இறுக்கம். அளவு வளையங்கள் கோத்த கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை எடுத்த அளவும் இதுதான், வியாழக்கிழமை எடுத்ததும் இதுதான். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறவள் அவள். மூன்று முறையும் ஒரே அளவு வந்ததில் அவளுக்கே ஒரு தைரியம் வந்திருந்தது.

"போதுமா, இன்னும் இருக்கா?" என்றான் ஜூட். கட்டிலில் சாய்ந்திருந்தான். டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பில் குரல் உள்ளே இருந்தது. "துபாய்ல ஷேக்குங்களுக்குக்கூட நான் இத்தன தடவ அளவெடுத்ததில்ல."

"தப்பாப் போச்சுன்னா யாரு திரும்ப உருக்குறது? கைய ஆட்டாதண்ணா."

ஜூட் துபாயில் ஒரு பெரிய கைக்கடிகாரக் கடையில் விற்பனையாளனாக இருந்தவன். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒன்றை விற்றால் பாலக்கரையில் ஒரு வீடு வாங்கலாம் என்கிற மாதிரியான வாட்சுகளைக் கறுப்பு வெல்வெட்டில் எடுத்து வைப்பது அவன் வேலை. சொந்தமாக அப்படி ஒன்று கட்டியதில்லை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது அந்த வாட்சுகளின் படம் போட்ட புத்தகங்களை மட்டும்தான். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை அறுத்து இணைத்திருந்தார்கள். அந்தக் கையில் வாட்ச் கட்டக் கூடாது, பை தூக்கக் கூடாது. வலது கையில் கட்டிக்கொள்ளேன் என்றதற்கு, "வலது கையில வாட்ச் கட்டுறவன நான் மதிச்சதே இல்ல" என்றான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர், சிறுநீரகம் தரக் கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். ஜூட்டின் மனைவி பிரான்சிக்கு ரத்த அழுத்தம். அம்மா லூர்துராணிக்குச் சர்க்கரை. கூடப் பிறந்தவள் லிசி ஒருத்திதான். அவளுக்கும் அவனுக்கும் ஒரே ரத்த வகை. அன்று அம்மா அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள். "மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம். ஒரு கிட்னி இல்லாத பொண்ண எவன்டி கட்டுவான்? நீ வாயத் தொறக்காத. அவனுக்கும் நான்தான் அம்மா. ரெண்டையும் நான்தான பெத்தேன்."

லிசி வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லைதான். சரி என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது பிரான்சி தட்டைப் பார்த்தபடியே, "டாக்டர் மறுபடியும் கேட்டாரு" என்றாள். யாரும் சோற்றைத் தொடவில்லை. அப்போதுதான் ஜூட் சிரித்தபடி, "நீ நகை டிசைன் கிளாஸ் போறேல்ல? எனக்கு ஒரு மோதிரம் செஞ்சு குடு. பச்ச டயல் வாட்ச் மாதிரி. அது போதும் எனக்கு" என்றான். அம்மா உடனே எழுந்து போய், லிசியின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வளையல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிரான்சி வளையலையும் பார்த்தாள், மாமியாரையும் பார்த்தாள், எழுந்து கை கழுவப் போனாள்.

அன்றிலிருந்து லிசிக்கு மோதிரத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. பகலில் கல்லூரி அலுவலகத்தில் வேலை. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் வகுப்பு. கற்றுக்கொடுக்கிற கேத்தரின் மிஸ் கம்ப்யூட்டர் திரையில் படத்தைச் சுழற்றிப் பார்த்து, "பட்டை அகலமா இருந்தா இறுக்கிப் பிடிக்கும். அரை சைஸ் கூட வை" என்றார். வைத்தாள். நடுவில் வட்டமாக, மேல்பக்கம் தட்டையாகச் சீவிய கரும்பச்சைக் கல். மரகதத்துக்கு வழியில்லை, ஆய்வகத்தில் விளைவித்த செயற்கைக் கல்தான். அதைச் சுற்றி மணி எண்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பொடி வெள்ளைக் கற்கள். விளிம்பு முழுக்க வாட்சில் இருப்பது போல நெருக்கமான வரிப்பற்கள். பக்கத்தில் சாவிக்குமிழ் ஒன்று வேண்டும் என்று ஜூட் பிடிவாதம் பிடித்தான். "திருகிப் பாக்க ஒண்ணு இல்லன்னா அது வாட்சே இல்ல." குமிழ் அடுத்த விரலைக் குத்தாமல் இருக்க அவள் அதை நான்கு முறை மாற்றி வரைந்தாள். மெழுகில் வார்த்த மாதிரி வடிவம் கைக்கு வந்ததும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய், சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் பிச்சமுத்துவிடம் வளையலோடு சேர்த்துக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை மோதிரம் வந்தது. ஜூட் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பழைய பழக்கத்தில் பனியன் ஓரத்தால் கல்லைத் துடைத்து, கட்டை விரலால் குமிழைத் தடவினான். போட்டதும் சரியாக உட்கார்ந்தது. "மேடம், இது லிமிடெட் எடிஷன். உலகத்துலயே ஒண்ணுதான்" என்று பிரான்சியிடம் கையை நீட்டினான். பல நாளைக்குப் பிறகு பிரான்சி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை அதோடு கோயிலுக்குப் போனான். மத்தியானம் கறிச்சோறு கேட்டான், இரண்டு துண்டு தர்ப்பூசணியும் கேட்டான். தண்ணீரையும் உப்பையும் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்திருந்தும் யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து லிசி வீட்டுக்கு வந்தபோது அவன் வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையால் தம்ளரை எடுத்தான். அந்தக் கையால் அவன் எதையும் எடுப்பதில்லை. லிசி துண்டை இழுத்தாள். மோதிர விரல் மூட்டுக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் பருத்திருந்தது. இரண்டு பக்கமும் சதை எழும்பி, பட்டை கண்ணுக்கே தெரியவில்லை. பச்சைக் கல் மட்டும் சதையில் பதித்தது போல மின்னியது.

"நாளைக்குத் தண்ணி எடுத்தா இறங்கிரும். விடு."

"எப்பலேருந்துண்ணா?"

"நேத்து ராத்திரிலேருந்து."

தேங்காயெண்ணெய் போட்டார்கள், சோப்பு நுரை போட்டார்கள், பிரான்சி நூல் சுற்றி இழுத்துப் பார்த்தாள். ஜூட் பல்லைக் கடித்தான். அம்மா சகாய மாதாவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோ பிடித்து, லிசி அவனைப் பிச்சமுத்துவிடம் கூட்டிப்போனாள்.

பிச்சமுத்து விரலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு தகட்டுத் துண்டை விரலுக்கும் பட்டைக்கும் இடையில் நுழைத்தார். மயிரிழை போன்ற வாளால் அறுக்க ஆரம்பித்தார். சூடேறாமல் இருக்க லிசி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. தன்னுடைய வேலையைத் தானே அறுப்பதில் அவருக்கும் முகம் சுண்டிப்போயிருந்தது. "அளவு சரியாத்தான செஞ்சேன் பாப்பா" என்றார்.

"நான் குடுத்த அளவுதான் தப்பு" என்றாள் லிசி. சொல்லும்போதே அவளுக்கு விளங்கியது. திங்களும் புதனும் வெள்ளியும் அவளுக்கு வகுப்பு. அதனால் மூன்று முறையும் செவ்வாயும் வியாழனும் சனியுமாகப் பார்த்து அளந்திருக்கிறாள். மூன்றுமே உடம்பிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டு, அவன் வற்றிப்போய் வந்து படுத்த மாலைகள். மற்ற நாட்களில் அவன் எப்படி ஊதுகிறான் என்று ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் பார்க்கவே இல்லை.

"ஒனக்குத் தெரியும்ல?" என்றாள். "மத்த நாள்ல வீங்கும்னு. ஏண்ணா சொல்லல?"

ஜூட் வாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னா நீ அளவெடுக்க வந்திருக்க மாட்ட." பிறகு, "ரெண்டு மாசமா நீ என் மூஞ்சியப் பாக்கறதில்ல லிசி. விரலப் பிடிச்சிருந்த அந்த மூணு நாளுந்தான் பாத்த" என்றான்.

பிச்சமுத்து தலையை நிமிர்த்தவில்லை. தண்ணீர் விடுகிற கை நின்றதை உணர்ந்து, "ஊத்தும்மா, ஊத்து" என்று மட்டும் சொன்னார். பட்டை விலகும் சின்னச் சத்தம் கேட்டது. இரண்டு குறடுகளால் பிளந்து எடுத்தார். விரலைச் சுற்றி ஆழமாக, வெளுப்பாக ஒரு பள்ளம். புறங்கையெல்லாம் தேய்த்துவிட்டு, "கைய உசரத் தூக்கியே வச்சுக்கங்க தம்பி. ரத்தம் எறங்கட்டும். நாளைக்கு டாக்டர்கிட்டயும் காட்டிருங்க" என்றார். மோதிரத்தைத் திரும்ப ஒட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. அது கல்லோடு பலகை மேலேயே கிடந்தது.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் நல்ல காற்று.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்" என்றாள் லிசி.

"எதுக்கு? பிரான்சி இருக்கால்ல, தொணைக்கு?"

"டாக்டர் கேட்டாருல்ல" என்றாள். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன்தான் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டான். உள்ளே கூரை இடித்ததால் வலது கையை ஆட்டோவுக்கு வெளியே நீட்டி உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். திரும்பப் போகிறார்கள் என்று நினைத்து, பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தன.