டிரைவருக்குச் செய்த கால்

செயற்கைக் கால் செய்யக் கற்றுக்கொடுக்கும் அந்தக் கல்லூரி பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், துணி வெளுக்கும் கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் இருந்தது. போருக்கு முன்பு அதைத் தேடிவந்து சேர்ந்தவர்கள் குறைவு. டாக்டர் படிப்பும் கிடைக்காமல், இன்ஜினியர் படிப்பும் கிடைக்காமல், வீட்டில் சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று வந்தவர்கள்தான் அதிகம். போர் தொடங்கியபின் நிலைமை தலைகீழானது. வகுப்பறையில் இருந்தவர்களைவிட வாசல் பெஞ்சில் கால் இல்லாமல் காத்திருந்தவர்கள் பெருகிவிட்டார்கள். பாடம் நடத்த யாருக்கும் நேரமில்லை. கடைசி வருட மாணவர்களே ஆளுக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டு, அளவெடுத்து, அச்சு வார்த்து, கால் செய்து மாட்டி அனுப்பினார்கள்.

அவர்களில் ஒருத்தியை எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிட்டார்கள். ஆள் சின்னது, கை வேகம். பாடம் எடுத்த மேடமே அவளுடைய நிஜப்பெயரை வருகைப்பதிவில்தான் வாசிப்பார். அவளுக்கு அடுத்த மேசைக்காரன் தத்துவம். டீ ஆறிப்போனதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து அரைமணி நேரம் பேசக்கூடியவன் என்பதால் அந்தப் பெயர். இருவரும் முதல் வருடத்திலிருந்தே கூட்டாளிகள். மத்தியானச் சாப்பாட்டை, அச்செடுக்கும் வெள்ளை மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

சுண்டெலியின் பங்கில் வந்தவர்களில் ஒருவர் டவுன் பஸ் ஓட்டியவர். பட்டாளம் சீட்டு அனுப்பி அவரைப் பிடித்துப்போய் லாரி ஓட்டவைத்தது. குண்டு ஏற்றிய லாரி. ஒரு மண்பாதையில் அவர் இறங்கி டயரைப் பார்க்கப்போன இடத்தில் கண்ணிவெடி. இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதல்நாள் அவள் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது முகம் சுண்டியதைக் கவனித்துவிட்டு, அவர்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

"கிளட்ச்தான் போச்சு பாப்பா. பிரேக் நல்லாத்தான் இருக்கு. பயப்படாதே."

வெட்டிய இடம் நன்றாக ஆறியிருந்தது. முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. முழங்கால் மிஞ்சினால் பாதிக் கவலை விட்டது என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். நல்ல கால் செய்து கொடுத்தால் பேண்ட் போட்டு நடக்கும்போது யாருக்கும் வித்தியாசமே தெரியாது என்று அவள் அவரிடம் சொன்னாள். மனிதர் அன்று முழுவதும் பெஞ்சில் இருந்தவர்களை வம்புக்கிழுத்துச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம்தான் புது உத்தரவு வந்தது. ஒற்றைக்கால் போனவர்களில் முழங்கால் உள்ளவர்களைப் பட்டாளத்து டாக்டர்கள் வந்து சோதிப்பார்கள். கோல் இல்லாமல் நடந்து, படி ஏறி இறங்குபவர்கள் திரும்பவும் வேலைக்குப் போகவேண்டும். ஓட்டுநர்களுக்கு முன்னுரிமை என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் டிரைவரின் மனைவி வந்தாள். ரெடிமேட் துணித் தொழிற்சாலையில் தையல்காரி. இப்போது அங்கே பட்டாளத்துச் சட்டை மட்டும்தான் தைக்கிறார்கள். சுண்டெலி குழாயடியில் கையிலிருந்த மாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். முதலில் தண்ணீர் உப்பா என்று கேட்டாள். பிறகு குழந்தைகளைப் பற்றிப் பேசினாள். மூத்தது அப்பா வந்த நாளிலிருந்து கட்டிலைவிட்டு நகரவில்லையாம். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"நொண்டட்டும் தங்கச்சி. ரொம்ப வேண்டாம். சோதிக்க வர்ற அன்னிக்குக் கொஞ்சம் நொண்டினா போதும். அது உன் கையிலதான இருக்கு."

அவருக்குத் தெரியுமா என்று சுண்டெலி கேட்டாள். தெரியாது, தெரியவும் வேண்டாம், ரோஷக்காரர் என்றாள் தையல்காரி. அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் ஊசி ஏறிக் கறுத்திருந்தது. சுண்டெலி குழாயை மூடினாள்.

அன்று பின்படிக்கட்டில் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தத்துவம் முதலில் வழக்கம்போலத்தான் தொடங்கினான். நம் வேலை கால் செய்வது, கால் எங்கே போகிறது என்பது நம் வேலை இல்லை என்றான். அப்படியானால் குண்டு செய்கிறவனும் அதையே சொல்லலாமே என்று அவள் கேட்டாள். அவன் சாப்பாட்டை ஒதுக்கிவைத்தான். நாம் செய்த கால் லாரியின் கிளட்சை மிதிக்கிறது, அந்த லாரியில் போன குண்டு அந்தப்பக்கம் யாரோ ஒருவனின் காலை எடுக்கிறது, அந்தப்பக்கத்திலும் இதேபோல ஒரு கல்லூரி இருக்கும், இதேபோல மாவு வாடையில் உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பிட முடியாமல் இருப்பார்கள் என்றான். டிரைவரின் காலை எடுத்த கண்ணிவெடியைப் புதைத்தவனே அந்தப்பக்கத்துக் கல்லூரி செய்த காலில் நடந்து வந்திருக்கலாம் என்றும் சொன்னான்.

"அப்போ என்னதான்டா பண்ணச் சொல்ற?"

"தெரியலடி. நிஜமாவே தெரியல."

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை.

இரண்டு மனிதர்கள் பற்றி மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. ஒருவர் உயிரோடு இருக்கிறார். ஒருத்தி அவரை அப்படியே வைத்திருக்க விரும்புகிறாள். மற்றதெல்லாம் பெரிய விஷயம், தன் கைக்கு எட்டாதது என்று நினைத்தாள்.

வெட்டுப்பட்ட கால் போய் உட்காரும் கூடுதான் செயற்கைக் காலின் உயிர். அதை நேராகச் செய்துவிட முடியாது. முதலில் காலை மாவில் அச்செடுத்து, அந்த அச்சைத் திருத்தி, அதன்மேல் கூட்டை வார்க்கவேண்டும். எலும்பு தோலை ஒட்டி நிற்கும் இடங்களில் அச்சின்மேல் கூடுதலாக மாவு அப்பவேண்டும். அப்போதுதான் கூட்டில் அங்கே இடம் கிடைக்கும், எலும்பு உரசாது. சுண்டெலி கெண்டைக்கால் எலும்பின் முனையில் அப்பவேண்டிய மாவை அப்பவில்லை. அரத்தை எடுத்து இருந்ததையும் லேசாக ராவினாள். பக்கத்து மேசையில் தத்துவம் பார்த்தான். பிறகு தன் வேலையில் குனிந்துகொண்டான்.

அவள் போட்ட கணக்கு இதுதான். டாக்டர்கள் வரும்வரை அவர் பயிற்சிக் கூடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சம்தான் நடப்பார். சோதனை அன்று படி ஏறச் சொன்னால் வலி தாங்காமல் நின்றுவிடுவார். விலக்கு கிடைத்ததும் வேறு கூடு செய்து மாட்டிவிடலாம்.

மாட்டிப் பார்த்த அன்று அவர் எழுந்து நின்று கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே லேசாகக் குத்துகிறது என்றார்.

"புதுசுல அப்படித்தாண்ணா இருக்கும். போகப்போகச் சரியாயிடும்," என்றாள் சுண்டெலி.

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் மாவுத்தொட்டியைத் துடைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டிலேயே பழகுகிறேன் என்று சொல்லியனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தபோது காய்ச்சலில் உடம்பு கொதித்தது. சுண்டெலி காலைக் கழற்றினாள். உள்ளே மாட்டும் காலுறை தோலோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்து எடுத்தபோது எலும்பு வெளியே தெரிந்தது. வாடையில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். சர்ஜன் வந்து பார்த்துவிட்டு, விஷம் மேலே ஏறுகிறது, முழங்காலுக்கு மேலே எடுத்தால்தான் ஆள் தங்குவார் என்றார். அன்றே எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் மேடம் அச்சுகள் அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். டிரைவரின் அச்சை எடுத்து எலும்பு முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சுண்டெலி கதவோரம் நின்றிருந்தாள். தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மேடம் கையை உயர்த்தித் தடுத்தார். வெளியே தெரிந்தால் இதற்குத் துரோகம் என்று பெயர் வைப்பார்கள், உன்னை மட்டும் கொண்டுபோகமாட்டார்கள், இந்தக் கட்டடத்தையே பூட்டுவார்கள், அப்புறம் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் செய்வது என்று கேட்டார். பிறகு சுத்தியல் எடுத்து அச்சை உடைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சுண்டெலிக்குத் தோன்றியது. மேடம் திட்டவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

டிரைவருக்குக் காய்ச்சல் விட்டபின் அவள் வார்டுக்குப் போனாள். தையல்காரி வேலைக்குப் போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குழாயடியில் அக்கா கேட்டது, மாவு அப்பாதது, குத்துகிறது என்று அவர் சொன்னபோது தான் சொன்ன பொய். அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தாள். அழவில்லை.

கேட்டபடி அவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

"நான் திரும்பப் பட்டாளத்துக்குப் போறதுக்கா பழகினேன்னு நெனச்சே? பஸ் டிப்போல கேட்டு வச்சிருந்தேன் பாப்பா. நல்லா நடந்தா எடுத்துக்கறேன்னாங்க. அதான் வீட்டு மாடில ஏறி ஏறி இறங்கினேன். குத்துச்சு. நீதான் சரியாயிடும்னியே."

சோதனையில் என்ன செய்திருப்பீர்கள் என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நொண்டியிருப்பேன். எனக்கு நொண்டத் தெரியாதா? அவகிட்ட சொல்லல. அவ வாயில ஒரு விஷயம் நிக்காது. தொழிற்சாலை பூரா தெரிஞ்சிடும்."

சிரிக்கப்போகிறார் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பட்டாளம்கூட என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு சீட்டு அனுப்பிச்சுது. நீங்க ரெண்டு பேரும் அதுகூட அனுப்பல."

அதன்பின் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் எழுந்து வந்தாள்.

பட்டாளத்து டாக்டர்கள் சொன்னபடி வந்தார்கள். தத்துவம் கால் செய்து கொடுத்திருந்த தச்சர் ஒருவர் கோல் இல்லாமல் நடந்தார், படி ஏறினார், கேட்காமலே ஒருமுறை குதித்தும் காட்டினார். தத்துவம் செய்ததிலேயே அருமையான கால் அது. தச்சருக்கு லாரி ஓட்டத் தெரியும் என்பதால் டிரைவருக்கு வைத்திருந்த இடத்தில் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவர் லாரியோடு எரிந்துபோன செய்தி வந்தது. தச்சரின் அம்மா கல்லூரிக்கு வந்து, பிள்ளைக்குக் கால் செய்து கொடுத்த புண்ணியவான் யார் என்று விசாரித்து, தத்துவத்தின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கடைசி மாதங்களில் பிள்ளை தலைநிமிர்ந்து நடந்தானாம்.

அன்று தத்துவம் பின்படிக்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"நான் ஒழுங்கா செஞ்சேன், ஆள் செத்துட்டான். நீ கெடுத்துச் செஞ்சே, ஆள் உயிரோட கெடக்கறாரு. இதுல எது சரின்னு கேக்காதே. எது குறைஞ்ச தப்புன்னுகூட எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் கேட்கவில்லை. தச்சர் போகாமல் இருந்திருந்தால் வேறொருவர் போயிருப்பார், அவருக்கும் யாராவது கால் செய்து கொடுத்திருப்பார்கள். டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து நொண்டினாலும் லாரிகள் நிற்கப்போவதில்லை. இது அவர்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. அதைப் பற்றிப் பேசுவதை அவர்கள் விட்டுவிட்டார்கள். பின்படிக்கட்டுக்குச் சேர்ந்து போவதும் மெல்ல நின்றுபோனது. பரீட்சை முடிந்த கையோடு தத்துவத்துக்கு உத்தரவு வந்தது. போர்முனை ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை. கிளம்புகிற அன்று அவன் தன் அரங்களை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

டிரைவருக்காக அவள் தொடையிலிருந்து மாட்டும் பெரிய கால் ஒன்றைச் செய்தாள். அளவெடுக்க வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால் வீட்டுக்கே போய் எடுத்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவு நாடா சுற்றியபோது தடுக்கவில்லை, உதவவும் இல்லை. தையல்காரி டீ கொடுத்தாள். கணவனும் மனைவியும் ஒரே அறையில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசியதாகத் தெரியவில்லை. பிள்ளைகள்தான் இங்கிருந்து அங்கே சேதி சொன்னார்கள். வாசல்வரை வந்த தையல்காரி, கொஞ்சம் நொண்டினால் போதும் என்றுதானே சொன்னேன் என்று முணுமுணுத்தாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாததுபோல இருந்தது.

அந்தக் காலுக்கு எலும்பு படும் ஒவ்வொரு இடத்திலும் அவள் பார்த்துப் பார்த்து மாவு அப்பினாள். கூட்டின் உள்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். இரண்டு முறை ஆள் அனுப்பினாள். மூன்றாவது முறை தானே போனாள். அவர் கதவைத் திறக்கவில்லை. மகள்தான் வந்து, அப்பா தூங்குகிறார் என்றாள்.

கால் அலமாரியில் நின்றது. ஒருவருக்குச் செய்த கூடு இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆனால் உள்ளே இருக்கும் முழங்கால் மூட்டு யாருக்கும் பொருந்தும். வெளியிலிருந்து மூட்டுகள் வருவது நின்றுவிட்டது. ஒருநாள் மேடம் வந்து, பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், பள்ளிக்கூடத்தை முடித்ததும் போருக்குப் போனவன், மூட்டு இல்லாமல் திருப்பி அனுப்ப முடியாது என்றார். அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்து மூட்டைக் கழற்றினாள். பாதத்தையும் கழற்றினாள். மிஞ்சிய கூட்டை என்ன செய்வது என்று கேட்டாள். மேடம் அதற்குள் பையனைக் கூட்டிவரப் போயிருந்தார். அது சில நாட்கள் மேசைக்கு அடியில் கிடந்தது. பிறகு கூட்டிப் பெருக்க வந்தவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.