கதவுக் கண்ணாடியில் வெள்ளைப் படலம்

அவருக்குச் சங்கத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. அது சின்ன உலோகக் கார்களைச் சேர்ப்பவர்களின் சங்கம். மாதாமாதம் அச்சகத்துக்கு மேலே உள்ள வாடகை அறையில் கூடி, அவரவர் தங்கள் நல்ல காரை மேசையில் வைப்பார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, எது தரம், எது ஒப்பேற்றியது என்று தீர்ப்புச் சொல்வது பூதக்கண்ணாடியின் வேலை.

கதவைச் சுற்றி ஓடும் இடைவெளி மேலும் கீழும் ஒரே சீராக இருக்கிறதா, பெயின்ட் தடித்துப்போய் விளிம்புகளை விழுங்கிவிட்டதா, முன்விளக்குக்குள் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை வெள்ளிப் பொட்டு வைத்து ஏமாற்றியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பார்த்ததை மென்று விழுங்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "இந்தப் பெயின்ட்டைப் பாருங்க, சுவருக்கு அடிச்ச மிச்சம் போலிருக்கு" என்பார். அறை சிரிக்கும். காருக்குச் சொந்தக்காரரும் வேறு வழியில்லாமல் சிரிப்பார்.

அந்த வாய்க்குப் பயந்தே கம்பவுண்டர் தன் காரை வெகுகாலம் வெளியே எடுக்கவில்லை. டாக்டர் ஒருவரிடம் மருந்து கட்டிக்கொடுக்கும் மனிதர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கார், கருநீலத்தில், பழைய காலத்து நீள மூக்கோடு. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஒரு மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அதைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியோடு மதியமே கொண்டுவந்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனார்.

கூட்டத்துக்கு முன்னால் தனியாக வந்து கார்களைப் பார்ப்பது பூதக்கண்ணாடிக்கு மட்டும் உள்ள சலுகை. அன்றும் வந்தார். கருநீலக் காரைப் பார்த்ததும் அவருக்கே வாயில் குறை வரவில்லை. சக்கர ஆரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. இருக்கையின் தையல்கூட அளவு மாறாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து மைத்துனர் போன் செய்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு, ஒரு கையால் காரைத் தூக்கினார்.

காரைத் தூக்கினால் அடிப்பாகத்தைப் பிடிக்க வேண்டும், இடுப்பைப் பிடிக்கக் கூடாது என்று புதியவர்களை வறுத்தெடுப்பவரே அவர்தான். அவருடைய கட்டைவிரலில் பட்டு, கதவோரம் நீட்டிக்கொண்டிருந்த பக்கக் கண்ணாடி டக்கென்று உடைந்தது.

பையில் எப்போதும் இருக்கும் உடனடிப் பசையை எடுத்தார். ஒட்டினார். ஒட்டு நேராகவே விழுந்தது. பசை காயும்வரை பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். மூடினால் உள்ளே அடைபடும் பசையின் ஆவி காரின் கதவுக் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். இது அவருக்குத் தெரியாததா என்ன? ஆனால் யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. மூடிவிட்டார்.

கூட்டத்துக்குக் கம்பவுண்டரும் டியூட்டி முடிந்து வந்துவிட்டார். செயலாளர்தான் முதலில் பார்த்தார். "என்ன சார் இது, கதவுக் கண்ணாடியில பனி பிடிச்ச மாதிரி?"

எல்லாத் தலைகளும் பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பின. அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் இத்தனை நாள் மற்றவர்கள் கையைக் கிண்டல் செய்தவருக்குத் தன் கையை நீட்டிக் காட்ட மனம் வரவில்லை. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வாய் கூசாமல் சொன்னார்:

"பழைய ஒட்டு. உடைஞ்சதை ஒட்டிட்டு, சொல்லாம கொண்டுவந்திருக்காங்க."

அந்தச் சங்கத்தில் அதைவிடக் கேவலம் வேறில்லை. சொல்லிவிட்டு ஒட்டலாம், சொல்லாமல் ஒட்டினால் காரை மேசையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். கம்பவுண்டரின் முகம் செத்துப்போனது. "சார், சத்தியமா நான் ஒட்டலை சார்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகு தனக்குள் பேசுவதுபோல், "வீட்ல அதைத் தொடைக்கிறது என் சம்சாரம்தான்" என்றார்.

பூதக்கண்ணாடிக்கு அது காதில் விழுந்தது. ஆனாலும் அடுத்த காரை எடுத்தார்.

அதற்குப் பின் வந்த நாள்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் அலமாரியில் இருக்கும் கார்களின் பக்கம் போகவே கூசியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தார். கம்பவுண்டரும் அவர் மனைவியும் நின்றார்கள். பெட்டி அந்த அம்மாவின் கையில் இருந்தது. கணவரை இழுத்துக்கொண்டு வந்ததே அவர்தான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"அண்ணா, நீங்க பார்த்தா எல்லாம் தெரிஞ்சுடும்னு இவர் சொல்றாரு. நல்லாப் பாருங்க. எப்ப உடைஞ்சதுன்னு சொல்லுங்க. நான் பிரஷ்ஷாலதான் தூசி தட்டுவேன். என் கையால உடையலை. உடைச்சாலும் மறைக்கிற புத்தி எனக்குக் கிடையாது. இவர் என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லை. கார் போனா போகுது. பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டு ஒரே வீட்ல எப்படிண்ணா இருக்கறது?"

பூதக்கண்ணாடி லென்ஸை எடுத்தார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும் பார்த்தார். அந்த நடிப்பே அவரைச் சுட்டது. லென்ஸைக் கீழே வைத்தார்.

"நான்தாங்க உடைச்சேன்."

கம்பவுண்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு கண் கலங்கச் சிரித்தார். "பார்த்தியாடி? உன்னைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்லைங்க, நிஜமாத்தான் சொல்றேன்."

"விடுங்க சார். நீங்களாவது, காரை உடைக்கறதாவது!"

வெட்கம் என்னவென்றால், அவருக்கு உள்ளே ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. சொல்லியாயிற்று, நம்பாதது அவர் பாடு என்று. அந்த நிம்மதியைக் கண்டுதான் அவருக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது.

கணவர் முன்னால் இறங்கிப் போக, அந்த அம்மா வாசலில் நின்றார். "நீங்க சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியுதுண்ணா. இங்க சொன்னா அவருக்குப் பெருந்தன்மையாத்தான் படும். அன்னிக்கு எங்க சொன்னீங்களோ, அங்க சொல்லுங்க."

அடுத்த கூட்டத்துக்குக் காரோடு வரும்படி பூதக்கண்ணாடி கம்பவுண்டரைக் கேட்டுக்கொண்டார். அவரும் வந்தார். பூதக்கண்ணாடி கருநீலக் காரை மேசை நடுவில் வைத்து எழுந்து நின்றார்.

"இந்தக் காரைப் பத்தி அன்னிக்குச் சொன்ன தீர்ப்பு பொய். இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி உடைச்ச முட்டாள் நான். ஒட்டின கையோட மூடியைப் போட்டதும் நான். பழைய ஒட்டுன்னு வாய் கூசாம சொன்னதும் நான்தான்."

வழக்கமான கிண்டல் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். கட்டைவிரல் எங்கே பட்டது, கண்ணாடி எப்படித் தெறித்தது என்று அவர் காட்டத் தொடங்கியதும் சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. கூனிக்குறுகி நின்றார். திட்டட்டும், கையை ஓங்கினாலும் ஓங்கட்டும் என்று கம்பவுண்டரைப் பார்த்தார்.

கம்பவுண்டர் அவரைத் திட்டவில்லை. பார்க்கக்கூட இல்லை. எழுந்து, வாசலில் கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடினார். மாற்றி மாற்றிக் காலை நுழைத்தார்.

"காரை விட்டுட்டுப் போறீங்களே!" என்றார் செயலாளர்.

"அது கெடக்கட்டும் சார்" என்றார் கம்பவுண்டர். அவர் குரல் உடைந்திருந்தது. "நேத்துகூட அவ உள்ள உக்காந்து அழுதுட்டிருந்தா. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு டிவியைச் சத்தமா வெச்சுக்கிட்டேன்."